மரமா, ஹை க்ளொஸா என்று அப்பா கேட்டார்

1

எனக்குச் சம்பளம் கிடைப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். டென்மார்க்கில், வருடம் முழுவதும் காற்றடிக்கும் ஒரு சின்ன நகரத்தில், குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பூச்சுக் காய்ந்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வரும். நீளக் குழல்விளக்கின் கீழே அவற்றைச் சரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். தூசி ஒட்டியிருக்கிறதா, தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்திருக்கிறதா, ஓரத்தில் பசை பிதுங்கி நிற்கிறதா. நேரே பார்த்தால் எல்லாக் கதவும் நல்ல கதவாகத்தான் தெரியும். சரித்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

இதற்கு என்னை யாரும் பழக்கவில்லை. நான் வளர்ந்த யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் சந்தேகம் குழாய்த் தண்ணீர் மாதிரி எல்லா வீட்டுக்கும் வந்தது. மணி அடித்தால் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்போம். வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து உறவுக்காரர் வந்து இறங்கினால், சந்தோசப்படுவதற்கு முதல் இவர் ஏன் வந்திருக்கிறார் என்றுதான் யோசித்தோம். அந்தக் குணத்தோடு கலியாணம் செய்து இங்கே வந்தேன். இங்கே அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

போன மாரியில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவின் குரல்செய்தி வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டில் தனியாக இருக்கிறார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா போய் மூன்று வருடமாகிவிட்டது.

"மகள், குசினிய மாத்தப் போறன். மரத்தில செய்விக்கிறதோ, ஹை க்ளொஸ் எண்டு கண்ணாடி மாதிரி மினுங்கிறதாம், அதில செய்விக்கிறதோ? நீதானே அதுக்குள்ள நிக்கிறனி. யோசிச்சுச் சொல்லு."

பாணைக் கடித்த வாய் அப்படியே நின்றது. என் அப்பா அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவர். அம்மா இருந்த காலத்தில் தண்ணீர் குடிப்பதற்குக்கூடக் கதிரையை விட்டு எழும்பாதவர். உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாத மனிதருக்கு எதற்குப் புதுக் குசினி? அம்மா போன பிறகு கடைப் பார்சலில் காலம் தள்ளுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அந்த நிமிடமே முடிவுகட்டினேன்.

2

முதலில் தரகர்களைச் சந்தேகித்தேன். வெள்ளவத்தையில் கடல் தெரியும் வீடென்றால் சுற்றிச் சுற்றி வருவார்கள். குசினியை மாற்றினால் நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ கிழவனின் காதில் ஓதியிருக்கலாம். அடுத்தது, கீழ்வீட்டுக்கு வேலைசெய்ய வரும் தச்சுப் பாஸ். மூன்றாவது சந்தேகம் எனக்கே வெட்கமாக இருந்ததால் அதை யாருக்கும் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தொழில்முறையில்தான் பதில் சொன்னேன். மரம் என்றால் எல்லாம் மரமில்லை, தூளை அழுத்திய பலகையில் மரப்படம் ஒட்டி விற்பார்கள், லாச்சியை இழுத்துக் கழற்றி உள்ளோரத்தைப் பாருங்கள் என்றேன். உண்மையான மரமென்றால் கறையானை யோசியுங்கள் என்றேன். ஹை க்ளொஸ் என்றால் தொட்ட விரலெல்லாம் தெரியும், உப்புக்காற்றில் பிணைச்சல் துருப்பிடித்தால் கதவு தொங்கும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். பிறகு, நான் ஒன்றுமே சொல்லாத மாதிரி, "அப்ப எது நல்லம்?" என்று திரும்பவும் கேட்டார்.

அடுத்த கிழமை ஒரு படம் அனுப்பினார். மேசையில் இரண்டு மாதிரிப் பலகைகள். ஒன்று தேக்கு நிறம், மற்றது பால் வெள்ளையில் ஹை க்ளொஸ். பழக்கதோசத்தில் வெள்ளைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சில் குற்றமில்லை. ஆனால் அதில் யன்னலின் பிம்பம் விழுந்திருந்தது. யன்னலுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் கோப்பையோடு இருந்தார். வேலைக்காரி என்றால் நின்றிருப்பார். தரகர் என்றால் கையில் போன் இருந்திருக்கும். அந்தப் பெண் அம்மாவின் கதிரையில், வீட்டு ஆள் மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

என் மகள் ஆரணி வேறு நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது படத்தைக் காட்டினேன். அவளுடைய தமிழ் வருடா வருடம் மெலிந்துகொண்டு போகிறது. பேரனாரை, அதாவது என் அப்பாவை, மோஃபா என்று டேனிஷில்தான் சொல்லுவாள்.

"அம்மா, மோஃபாவுக்கு கேரஸ்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தட்டினாள்.

கேரஸ்ட என்பது இந்த ஊர்ச் சொல். காதலனும் அதுதான், காதலியும் அதுதான். பதினாறு வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே சொல். வாடகைப் பத்திரத்தில்கூடக் கூசாமல் எழுதுவார்கள். எழுபத்தைந்து வயதில் ஒருவருக்கு அப்படி ஒரு ஆள் இருந்தால் எங்கள் பாசையில் என்ன சொல்லுவது? எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் ஏச்சுகள்.

"பகிடி விடாத. வீட்டை ஆரும் எழுதி வாங்கிப்போட்டினம் எண்டா?" என்றேன்.

"உனக்கு அந்த வீடு என்னத்துக்கு? நான் அங்க போய் இருக்க மாட்டன். நீயும் போக மாட்டாய்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அது என் நெஞ்சில் கிடந்து அரித்தது.

அடுத்த தரம் கதைக்கும்போது அப்பாவே வாயை விட்டார். "ஸ்டெல்லா மிஸ் சொல்லுறா, மரம் எண்டா குசினி இருண்டு போகுமெண்டு."

"ஆர் ஸ்டெல்லா மிஸ்?"

"கொட்டாஞ்சேனை" என்றார், ஏதோ ஊர்ப்பெயரே ஒரு பதில் மாதிரி.

மறுநாள் லீவு கேட்டுப் போனேன். யாருக்காவது சுகமில்லையா என்று மேற்பார்வையாளர் கேட்டார். இல்லை, அப்பா குசினி மாற்றுகிறார் என்றேன். அவர் டேனிஷ்காரர். அதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கவில்லை. உடனே தலையாட்டிவிட்டார்.

3

வெள்ளவத்தையில் அப்பா கதவைத் திறந்தபோது அவர்மேல் வெங்காயம் பொரித்த மணம். மெலிந்திருப்பார் என்று நினைத்தேன். கன்னம் சதை வைத்திருந்தது.

கை கழுவ முதலே பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசைக்கு வந்தன. குழம்பில் புளி அளவாக இருந்தது. வெந்தயம் தாளித்து, கடைசியில் பால் விட்டு இறக்கிய குழம்பு.

"ஆர் சமைச்சது?"

"நான்தான்."

நான் நம்பவில்லை. அவர் குளிக்கப் போனதும் குசினியைச் சோதித்தேன். அம்மாவின் பழைய அலுமாரிகள் அப்படியே இருந்தன. சிங்குக்குக் கீழே பலகை ஊறி, அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஒரு கதவை நூலால் கட்டியிருந்தார். மாற்றத்தான் வேண்டும், அதில் பிழை சொல்ல முடியவில்லை. போத்தல்களில் அப்பாவின் வரைபடக் கையெழுத்தில் மல்லி, சீரகம், கடுகு என்று ஒட்டியிருந்தது. பிறகு குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு டப்பா. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது.

அப்பா துவாயோடு வந்து நின்றார்.

"இது என்ன அப்பா?"

"மீன். பொரிச்சது."

"எங்கட வீட்டிலயோ?"

அம்மா இந்த வீட்டில் முட்டைகூட அவித்ததில்லை. அப்பாவும் பிறந்ததிலிருந்து மச்ச மாமிசம் தொடாதவர்.

"நான் தின்னிறதில்லை" என்றார். "அவ தின்னுவா. நான் பொரிச்சுக் குடுப்பன். உப்புச் சரியோ எண்டு அவதான் பாத்துச் சொல்லவேணும்."

ஸ்டெல்லா மிஸ்ஸைப் பற்றி அப்போதுதான் சொன்னார். கண் ஆஸ்பத்திரியில் வெண்படலம் எடுத்த நாளில் பழக்கமாம். அப்பாவுக்கு வலது கண் கட்டு, அவருக்கு இடது கண் கட்டு. பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அப்பாவைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. மிஸ்ஸின் மகன் வேலையால் வரப் பிந்திவிட்டான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து தேத்தண்ணி குடிக்கப் போனார்களாம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. கத்தோலிக்கர். மகன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே புருசன் செத்துப்போனார். கொட்டாஞ்சேனையில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அப்பா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு, "மரத்தில மீன் மணம் ஊறிப்போகுமோ மகள்?" என்று கேட்டார்.

"ஊறும்" என்றேன். பெண் விசயம் என்ற மூன்றாவது சந்தேகம் சரிதான். இனித் தெரியவேண்டியது, அந்த மிஸ் வீட்டுக்காக வருகிறாரா, அப்பாவுக்காக வருகிறாரா என்பதுதான்.

4

மறுநாள் தெஹிவளைப் பக்கத்திலிருந்த ஒரு அலுமாரிக் கடைக்குப் போனோம். ஸ்டெல்லா மிஸ் நேரே அங்கே வந்தார். கட்டையான, நிமிர்ந்த மனுசி. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். "சாந்தி, நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்தார். பிடியில் ஒட்டுறவுமில்லை, நடிப்புமில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாத கதவுகளையும் எனக்குப் பிடிப்பதில்லை.

விற்பனைப் பெண் என்னைப் பார்த்ததும் காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டாள் போல. என்னிடம்தான் கதைத்தாள்.

"இன்னத, மிஸ், குலியட்ட தென்னத?"

குடியிருக்கவா, வாடகைக்குக் கொடுக்கவா என்கிறாள். வாடகைக்கு என்றால் மலிவாக மினுங்குவதைக் காட்டுவாள், இருப்பதற்கு என்றால் மரத்தைக் காட்டுவாள். எனக்குச் சிங்களம் ஒருகாலத்தில் தண்ணீர் பட்ட பாடு. இப்போது சொல் தேடினால் டேனிஷ் முந்திக்கொண்டு வருகிறது. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நை, தக்" என்று வந்தது.

"நாயா? எங்க?" என்று ஸ்டெல்லா மிஸ் காலடியைப் பார்த்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்பா வரைபடத்தை விரித்தார். கந்தோரில் கீறுவது மாதிரி மெல்லிய கோடுகள். சிங்க் யன்னலுக்குக் கீழே, அடுப்பு அதற்கு வலப்பக்கம், மூலையில் ஒரு சின்ன மேசை. நான் ஒவ்வொரு மாதிரிக் கதவையும் கழற்றச் சொல்லி ஓரத்தைப் பார்த்தேன். பிணைச்சலை ஆட்டினேன். நகத்தால் கீறினேன். விற்பனைப் பெண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது.

இதற்குள்ளே ஸ்டெல்லா மிஸ் மரமும் கேட்கவில்லை, ஹை க்ளொஸும் கேட்கவில்லை. விலையும் கேட்கவில்லை. இவ்வளவு அக்கறையில்லாதவர் மாதிரி இருப்பவரை நம்பக்கூடாது என்று நினைத்தேன். வாய் திறந்தது ஒரே ஒரு விசயத்துக்குத்தான். அடுப்பு வைக்கும் மேற்பலகையின் உயரத்தை விற்பனைப் பெண் எழுதிக்கொண்டபோது, சிங்களத்தில் மறித்தார். "அது பத்தாது. இன்னும் ஒசத்துங்க. இவரு ஒசரமான ஆளு, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும்" என்று எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"அப்ப உங்களுக்கு எட்டாதே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு எட்டணும்?" என்றார்.

நல்ல நடிப்பு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"மகள், நீ சொல்லு. மரமோ, ஹை க்ளொஸோ?" என்று அப்பா கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசித்துச் சொல்லுகிறேன் என்று கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். மெழுகுதிரி கொளுத்தியதும் உண்மை. பிறகு கொட்டாஞ்சேனைக்குள் விசாரித்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா மிஸ் என்றால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழக்கடைக்காரர், மிஸ்ஸிடம் படித்தவராம், வாசல்வரை வந்து காட்டிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மகன் ஜூட். துறைமுகத்தில் வேலை. நான் யாரென்று சொல்லி முடிப்பதற்கிடையில், "நானே வரணும்னு இருந்தேன் அக்கா. உள்ள வாங்க" என்றார். மனைவி பிள்ளைகள் வத்தளையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா மிஸ் பூசைக்குப் போய் இன்னும் வரவில்லை.

ஜூட் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். பொலிஸ்காரர் இருப்பது மாதிரி.

"கோவிச்சுக்காதீங்க. நேரா கேக்குறேன். ஒங்கப்பாவுக்கு எங்கம்மா எதுக்கு?"

இந்தக் கேள்வியை மறுபக்கமாகக் கேட்கத்தானே நான் வந்தேன்.

"அவருக்கு சமைச்சுப் போட ஆள் இல்ல. அதானே? இத்தனை வயசுக்குப் பொறகு திடீர்னு கலியாணம், புதுக் குசினி. எல்லாம் யாருக்கு? எங்கம்மாவுக்கு எழுபது வயசு. ரெண்டு கையும் வாதம். அந்தப் பளபளக்கிற குசினியில நிக்க வெச்சு வேல வாங்கப் போறாரு. சமையலுக்கு ஆள் வேணும்னா பேப்பர்ல வெளம்பரம் போடலாமே?"

"நீங்க என்ன கதைக்கிறீங்கள்?" கலியாணம் என்ற சொல்லை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன், எனக்குக் குரல் ஏறியது. "என்ர அப்பா அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"வெளிநாட்டுல இருக்கீங்க. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சமைக்கிறது அவர்தான்! உங்கட அம்மாவுக்கு மீன் பொரிக்கிறதும் அவர்தான். பிறந்ததில இருந்து மீன் தொடாத மனுசன். குசினியில மேற்பலகையை எந்த உயரத்துக்கு வைக்கச் சொன்னவை எண்டு தெரியுமோ? அப்பான்ர உயரத்துக்கு. நான் அலுமாரிக் கொம்பனியில வேலை செய்யிறன். அந்த உயரத்தில உங்கட அம்மா ஒரு வெங்காயம் வெட்டேலாது. தோள் போயிடும். அவ சமைக்கிறதெண்டா ஆர் அப்பிடிச் செய்விப்பினம்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த உயரம் கடையிலேயே என் காதில் விழுந்தது. அப்பாவின் கையெழுத்து ஒட்டிய போத்தல்களையும் கண்ணால் கண்டேன். கிட்ட வைத்துச் சரித்துச் சரித்துப் பார்த்ததில், எதிரே நேராக நின்றதை நான் பார்க்கவில்லை.

ஜூட் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "மேற்பலகை நெசமாவே அவர் ஒசரத்துக்கா?" என்று கேட்டார்.

அந்த நேரம் ஸ்டெல்லா மிஸ் வந்துவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். ஒரு மிடறு குடித்தேன். கழுநீர் மாதிரி இருந்தது. ஜூட் கோப்பையைத் தொடவே இல்லை.

"அம்மா டீ போட்டா இப்படித்தான்" என்றார்.

"எனக்கு சின்ன வயசுலேந்தே அடுப்பு ஒத்துவராது" என்றார் ஸ்டெல்லா மிஸ். "இவன வளத்ததே கடைச் சாப்பாட்டுலதான். இங்க மருமக சமைக்கிறா. ஏதோ போடுறா, சாப்பிடுறேன். ஆனா, என்ன வேணும்னு கேட்டு, அத சமைச்சு, நா சாப்பிடுறத பாத்துட்டு இருந்த ஆளு ஒங்கப்பா ஒருத்தருதான்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தார்.

"நீங்க கேக்க வந்தது அது இல்ல. கேளுங்க."

"வீட்டைப் பற்றி..." என்று இழுத்தேன்.

"வீடு ஒங்களுது. அத ஒங்க பேருக்கு எழுதிட்டுத்தான் கலியாணம்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன். ஒங்கப்பா சொல்லல்லையா? சொல்லியிருக்க மாட்டாரு. மக மனசு நோகும்னு இருந்திருப்பாரு. எனக்கு எடம் வேணும்னா ஜூட் வீடு இருக்கு. நான் எடத்துக்காகப் போகல்ல."

ஜூட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் வீட்டில் இடமிருந்தும் அம்மா போகிறார் என்று அவருக்குப் பட்டிருக்கும். நான் அந்தத் தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்து முடித்தேன்.

6

பின்னேரம் அப்பாவும் நானும் கடற்கரை வீதிக்கு இறங்கிப் போனோம். தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கடல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று வாசலில் தொங்கும் சனத்தோடு கடந்து போனது.

"கொட்டாஞ்சேனைக்குப் போனனியாம்" என்றார்.

"ஓம்."

பிறகு அவராகவே தொடங்கினார்.

"போன வருசம் உங்க டென்மார்க்குக்கு வாறதுக்கு விசா கேட்டுப் போனனான் எல்லோ. கண்ணாடிக்கு அங்கால இருந்த பிள்ளை நல்ல மரியாதையாத்தான் கதைச்சுது. நீங்கள் திரும்பி வருவீங்கள் எண்டதுக்கு இங்க உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டுது. நான் உடன சொன்னன், எனக்கு வீடு இருக்கெண்டு. அது திரும்பவும் கேட்டுது, வீட்டில ஆர் இருக்கினம் எண்டு. எனக்கு மறுமொழி வரேல்லை. அவைக்கு அது வழமையாக் கேக்கிற கேள்வி. எனக்கு அண்டையில இருந்து வேற ஒண்டும் மண்டைக்குள்ள ஓடேல்லை."

விசா கிடைத்தது, அவர் வந்தார், எங்களோடு ஒரு கோடை இருந்தார். அப்போது இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போக, அவர் யன்னலோரம் இருந்து அயலவரின் புல்வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறார் என்று நானும் கேட்கவில்லை.

"அம்மாவை மறந்துபோட்டன் எண்டு நினைக்கிறியோ?" என்றார்.

"இல்லை."

"நீ நினைப்பாய் எண்டு பயந்துகொண்டுதான் இருந்தனான். அதுதான் எத்தினை தரம் கேட்டனான் உன்னட்ட."

"என்ன கேட்டனீங்கள்? மரமோ ஹை க்ளொஸோ எண்டெல்லோ கேட்டனீங்கள்."

"ஓம்" என்றார். "வேற எப்பிடி மகளிட்டக் கேக்கிறது?"

அவர் கேட்டபோதெல்லாம் கறையானையும் பிணைச்சலையும் பற்றிப் பாடம் நடத்தினேன். "அப்ப எது நல்லம்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது காதில் வந்து நின்றது. தண்டவாள ஓரக் கல்லில் இருந்தோம். காற்றில் கண் எரிந்தது.

"செய்யுங்கோ அப்பா" என்றேன்.

"குசினிக் கபட்டோ?"

"கலியாணம்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். நல்லாய்த் துடைத்து, போட்டுக்கொண்டு, "கபட்டையும் சொல்லிப்போட்டுப் போ" என்றார்.

7

ஹை க்ளொஸ்தான். பால் வெள்ளை. மீன் மணம் ஊறாது, துடைத்தால் போகும் என்று சொன்னது நான்தான். பதிவுக் கலியாணத்துக்கு என்னால் நிற்க முடியவில்லை, லீவு முடிந்துவிட்டது. இங்கே வீட்டில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துக்கொண்டு, கணவரும் நானும் ஆரணியும் பார்த்தோம். ஆரணி தன் கேரஸ்டயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுபத்தைந்து வயது மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டபோது அந்தப் பொடியன் எழும்பி நின்று கைதட்டினான். கொழும்பில் ஜூட் பக்கத்தில் விறைப்பாக நின்றார். சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான். வீட்டு விசயம் சொன்னபடியே முடிந்தது. அந்தக் கடதாசி வந்தபோது எனக்கு ஏனோ சந்தோசமாக இருக்கவில்லை.

குசினி பூட்டி முடிந்ததும் அப்பா காணொளியில் கதவு கதவாகக் காட்டினார். மேல்வரிசையில் மூன்றாவது கதவு மயிரிழை இறங்கி நின்றது. பிணைச்சலில் திருகாணியைத் திருப்பச் சொன்னேன். "அது கிடக்கட்டும்" என்றார். ஸ்டெல்லா மிஸ் மூலை மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, "எனக்கும் கோணலாத்தான் தெரியுது. ஆனா எனக்குக் கண் ஆப்பரேஷன் பண்ணினது ஒரு பக்கம்தானே" என்றார்.

இப்போது எனக்குக் கிழமையில் இரண்டு மூன்று தரம் செய்தி அனுப்புவது ஜூட்தான். அம்மா மெலிஞ்ச மாதிரி இருக்கு, ஒங்கப்பா ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறாரா என்பார். அப்பா இருமுகிறார், உங்கள் அம்மா மின்விசிறியைக் கூட்டி வைக்கிறாவோ என்று நான் கேட்பேன். முதலில் ஒருவரை ஒருவர் உளவு பார்த்தோம். போகப்போக இரண்டு பேரும் சேர்ந்து அவர்களை உளவு பார்க்கிறோம்.

போன கிழமை இரண்டு பேருமே போன் எடுக்கவில்லை. காலையில் எடுக்கவில்லை, மத்தியானமும் எடுக்கவில்லை. நான் வேலையில் ஒரு தட்டு நிறையக் கதவுகளைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன். ஜூட் வெள்ளவத்தைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கட்டுமா என்று கேட்டு எழுதினார். விசாரியுங்கள் என்று எழுதிவிட்டு அப்பாவின் நம்பரைத் திரும்பவும் அழுத்தினேன்.

பின்னேரம் அப்பா எடுத்தார். பின்னால் ரயில் கூவியது.

"பண்டாரவளையில நிக்கிறம். என்ன குளிரடா இது. உங்க டென்மார்க் மாதிரித்தான் கிடக்கு."

"சொல்லிப்போட்டுப் போகக்கூடாதோ அப்பா? நாங்கள் இங்க செத்துப் பிழைச்சம்."

"சொன்னா, எங்க தங்குறியள், ஆர் கூட்டிக்கொண்டு போறது, மருந்து எடுத்தாச்சோ, ஏன் இப்ப திடீரெண்டு எண்டு கேப்பியள்." பக்கத்தில் ஸ்டெல்லா மிஸ் ஏதோ சொல்ல, சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரி மகள், ரயில் வெளிக்கிடப் போகுது" என்று வைத்துவிட்டார்.

ஜூட்டுக்கு உடனே எழுதினேன்: பண்டாரவளையில் நிற்கிறார்கள், சுகமாக இருக்கிறார்கள்.

"எப்ப திரும்பி வாறாங்களாம்?" என்று கேட்டார்.

"சொல்லவில்லை" என்று எழுதினேன்.

"அங்கேந்து ரயில் எங்க போகுது அக்கா?"

"பதுளைக்கு."

"பதுளையில இவங்களுக்கு யாரு இருக்கா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று எழுதிவிட்டு, போனை வைத்துவிட்டு, நெடுநேரத்துக்குப் பிறகு சிரித்தேன்.